பேர் கேளாத பூதம்

போன புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டீர்கள். ஞாயிறு பள்ளி அலமாரியில் இருக்கும் பூதக்கதைப் புத்தகங்களை எடுத்துவிட வேண்டும். விசுவாசி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கண்றாவி தேவையில்லை. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. முட்டிவலி என்று நினைத்துக்கொண்டீர்கள். முட்டிவலி காலில்தான், கை நன்றாகவே இருக்கிறது.

எழுந்து நின்று பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவிவிடுவீர்கள், தீர்மானம் அப்படியே நிறைவேறிவிடும். அதனால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னைப் போல ஏலமலையில் வளர்ந்தவர்கள். ஆனால் வேறு வேறு எஸ்டேட். எங்கள் லயத்தில் ஒரு வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதிமூன்று. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு. அம்மா ஏலக்காய் பறிக்கப் போவாள். செடியின் அடியில் தரையோடு தரையாகக் காய்க்கும் காயை நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பறிக்க வேண்டும். சாயங்காலம் வந்து காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவி அட்டைகளை உதிர்ப்பாள். அவள் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். அப்பா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி முழுக்க அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. அவர் காலையில் வீட்டுக்கு வரும்போது அம்மா மலைக்குப் போயிருப்பாள்.

அதனால் அக்காவுக்குத் தலை பின்னி விடுவது அப்பா. சிரிக்காதீர்கள், விறகுக் கரி பிடித்துக் கறுத்த கையால் அவர் பின்னுகிற பின்னல் சாயங்காலம் வரை அவிழாது. சட்டையில் புகையும் ஏலக்காயும் கலந்த வாசனை அடிக்கும். எனக்கு ஈரும் பேனும் அதிகம் என்று அம்மா முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். அக்காவுக்கு இடுப்பைத் தாண்டும் முடி. அவளுக்கு இரண்டு பின்னல் போட்டு நீல ரிப்பன் கட்டி முடிக்கிற வரைக்கும் அப்பா ஒரு கதை சொல்லுவார். சீப்பு சிக்கலில் மாட்டினால் கதையும் அங்கே நிற்கும். நான் எதிரே உட்கார்ந்து பால் இல்லாத கட்டஞ்சாயாவில் வறுக்கி ரொட்டியை ஊறவைத்துத் தின்றுகொண்டே கேட்பேன்.

எல்லாக் கதையிலும் ஒரே பூதம்தான். அதற்குப் பேர் கேளாத பூதம் என்று பெயர். அதற்குக் கொம்பு கிடையாது, கோரைப்பல் கிடையாது. மூடுபனியோடு இறங்கி வரும். நல்லாச் சிரிக்கும். கை மெத்து மெத்தென்று இருக்கும். யாரைப் பார்த்தாலும் “மகனே, மகளே” என்று கொஞ்சும். ஆனால் ஒருபோதும் பெயரைக் கேட்காது.

“ஏன் கேக்காதுப்பா?” என்று நான் தினமும் கேட்பேன், பதில் தெரிந்திருந்தும்.

“பேரு தெரிஞ்சிட்டா அதுக்குத் தொண்டை அடைச்சிரும் தாயி. பேரு தெரிஞ்ச பிள்ளைய அதால முழுங்க முடியாது. அதாம் கேக்காது. நீங்க என்ன செய்யணும்? யாராச்சும் ஒங்களப் பேரு கேக்காம கையப் பிடிச்சா, ஞானஸ்நானப் பேரு முழுசையும் ஓங்கிச் சொல்லணும். அப்பத்தான் விடும்.”

பள்ளிக்கூடத்துக்கு ஏலக்காட்டின் நடுவே ஒன்றரை மைல் நடக்க வேண்டும். மார்கழி மூடுபனியில் முன்னால் போகிற அக்காவின் ரிப்பன்கூடத் தெரியாது. பயம் வரும்போது நாங்கள் மாறி மாறி எங்கள் பெயரைக் கத்துவோம். அவள் கத்துவாள், நான் கத்துவேன், சரிவில் இருந்து எதிரொலி வரும். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பயமும் அவ்வளவு தைரியமும் ஒரே சமயத்தில் பிறகு வந்ததில்லை.

அந்தக் கதையைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. எங்கள் உபதேசியார்தான் ஞாயிறு பள்ளி நடத்துவார். சபையில் பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற நாட்களில் எல்லாம் இவர்தான். சுவரில் ஒரு படம் தொங்கவிட்டிருந்தார். கொம்பும் வாலும் சிவப்புக் கண்ணுமாகப் பிசாசு. “இவன் வந்தா நாம என்ன செய்யணும்?” என்று கேட்டார். ஜெபம் பண்ணணும் என்பது பதில். பரிசுக்கு ஒரு வண்ணப் பென்சில். நான் முந்திக்கொண்டு எழுந்து, “இவன் வந்தா ஈசி ஐயா, தெரிஞ்சிரும். பேரு கேக்காதது வந்தாத்தான் கஷ்டம். அப்ப நம்ம பேரச் சொல்லிக் கத்தணும்” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். லயத்தில் அம்மை போட்டபோது வீடு வீடாகக் கஞ்சி கொண்டு வந்தவர் அவர். எனக்கு ‘அ’ எழுதப் பழக்கியதும் அவர்தான்.

“ஏய்யா, பிள்ளைகளுக்கு வேதத்தச் சொல்லிக் குடுக்காம பூதத்தச் சொல்லிக் குடுக்கியாமே?”

அப்பா எழுந்து நின்று, “அதுவும் வேதந்தான ஐயா. ஞானஸ்நானத்துல பாதிரியாரு மொதல்ல கேக்கது பிள்ளையோட பேரத்தான? நல்ல மேய்ப்பனுக்கு ஆட்டோட பேரு தெரியும்னு நீங்கதான சொன்னீய. அப்ப பேரே கேக்காதது யாரு? அதத்தாம் சொல்லுதேன்” என்றார்.

“பிசாச வச்சு வெளயாடக் கூடாது. பிள்ளைக மனசுல அவனுக்கு நாமளே பாய் விரிச்சுப் போட்ட மாதிரி ஆயிரும்.”

“வேதத்துலயே கடைசியில ஏழு தலையோட ஒரு மிருகம் வருதே ஐயா...”

“அது தரிசனம். நீ சொல்லுதது கட்டுக்கதை.”

அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. உபதேசியார் வாசல் வரைக்கும் வந்து ஒரு குறை சொல்லிவிட்டால் எட்டு வீட்டுக்கும் அது பேச்சு. புதுவருஷத்தன்று காலை ஆராதனையில் அப்பா சபைக்கு முன்னால் நின்று, “இனிமே பிள்ளைகளுக்குப் பொய்க்கதை சொல்ல மாட்டேன்” என்று பொருத்தனை பண்ணினார். கர்த்தருக்குப் பண்ணிய பொருத்தனை. அதை மீறுகிற ஆள் இல்லை அவர். நான் முன்வரிசையில் அந்த வண்ணப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனது கேட்காமல் உபதேசியார் எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார். பச்சை நிறம்.

அதே ஆராதனையின் முடிவில்தான் வாக்குத்தத்தச் சீட்டு எடுத்தோம். உங்களுக்குத் தெரியும், நாம் இன்றும் எடுக்கிறோம். பிஸ்கட் டப்பாவில் வசனம் அச்சடித்த அட்டைகள், ஓரத்தில் ரோஜாப்பூ. எவருக்கு எது வருகிறதோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வார்த்தை. அக்காவுக்கு வந்த சீட்டில், தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்டு நான் காட்டும் இடத்துக்குப் போ என்கிற கருத்தில் வசனம் இருந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு வாங்கித் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாசியில் லயத்துக்கு ஒரு ஊழியக்கார அம்மா வந்தாள். ஏலக்காய் பறிப்பு முடிந்து வேலை குறைந்திருக்கும் மாதம். வெள்ளைச் சேலை, கையில் தோல் உறை போட்ட வேதம். எந்த ஊர் ஊழியம் என்று யாரும் கேட்கவில்லை. முழங்கால் போட்டு அவள் ஜெபித்த ஜெபத்தில் எட்டு வீட்டுப் பெண்களும் அழுதார்கள். பாலக்காட்டில் ஒரு பெரிய வீடு, நல்ல மனிதர்கள், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள், தையல் கற்றுத் தருவார்கள் என்றாள். அம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் பார்த்தேன். அவளை நான் பல வருஷம் மன்னிக்காமல் இருந்திருக்கிறேன். இந்த ஒரு காட்சிதான் கடைசியில் என்னை மன்னிக்க வைத்தது.

அந்த அம்மா அக்காவைக் கூப்பிட்டு, “வா மகளே” என்று கையைப் பிடித்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். முதுகில் தட்டினாள். “நல்ல பிள்ளை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். அரை மணி நேரம் இருந்து சாயா குடித்துவிட்டு, அடுத்த வாரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று போய்விட்டாள்.

அவள் படி இறங்கின உடனே நான், “எம்மா, அந்தம்மா அக்கா பேரக் கேக்கவே இல்ல” என்றேன்.

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். “ஊழியக்காரிய பூதம்ங்கியாட்டி? வாயில புழு விழும்.” பிறகு அப்பாவைப் பார்த்து, “ஏங்க, பாத்தியளா நீங்க சொல்லிக்குடுத்த லெச்சணத்த?” என்றாள்.

அப்பா கதவருகே நின்றிருந்தார். அவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. எனக்கு இப்போதும் அந்த வாய்தான் கண்ணில் நிற்கிறது. அவர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பாள். ஆனால் அவரிடம் இருந்த வார்த்தை அந்தக் கதையில் இருந்தது. கதையை அவர் கர்த்தருக்கு முன்னால் பொய் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். வேறு எந்த மொழியில் அதைச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல பெண்மணி ஜெபம் பண்ணியிருக்கிறாள், வீட்டுக்காரியின் தலையணைக்குள் ஆண்டவரின் சீட்டு இருக்கிறது. நெஞ்சில் ஏதோ நெருடுகிறது என்பது ஒரு காரணமா?

அக்கா போன காலையிலும் அப்பாதான் தலை பின்னினார். முதல்முறையாகக் கதை இல்லாமல் பின்னினார். சிக்கலே இல்லாத முடியை வெகுநேரம் வாரிக்கொண்டிருந்தார். அக்கா ஒருமுறை திரும்பி, “ஏதாச்சும் சொல்லுங்கப்பா” என்றாள். “நேரா இரு தாயி, வகிடு கோணும்” என்றார். அவ்வளவுதான்.

ஒரே ஒரு கடிதம் வந்தது. பங்குனியில். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன். சுகம், சுகத்துக்குக் கேட்கிறேன், இங்கே கொசு, பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் என்கிறார்கள். கடைசியில் ஓரத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: “இங்க யாரும் எம்பேர கேக்கல. ஜானுன்னு கூப்பிடுதாவ. அப்பாட்ட சொல்லு.”

நான் அதைச் சத்தமாக வாசித்தபோது அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. உடனே கிளம்புகிறேன் என்று சட்டையை எடுத்தார். அம்மா பயந்து உபதேசியாரைக் கூட்டிவந்தாள். அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பரிவாகத்தான் சொன்னார்: “இதுக்கா பதறுத? வேதத்துல விசுவாசிகளோட தகப்பனுக்கே ஆண்டவரு பேர மாத்தலியா? வீட்ட விட்டுப் புறப்பட்டு வந்த பொறவுதான அவருக்குப் புதுப்பேரு கெடச்சுது? சீட்டு அப்படியே பலிக்கி. சந்தோஷப்படு.”

வேறு எந்த ஜனத்துக்கும் இந்தத் தப்பு வராது. வேதம் தெரியாத ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால், பிள்ளையை உடனே போய்க் கூட்டிவா என்றிருப்பார். எங்களுக்கு வசனம் தெரிந்திருந்தது. அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார். ஈஸ்டர் முடியட்டும் என்றார்கள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அப்பா கிளம்பினார். மலை இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, மறுநாள் கோவிந்தாபுரம் எல்லையில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தார். கடைக்காரப் பெண் கிளாஸை வைத்துவிட்டு, “ஏனுங்க, மொகமெல்லாம் இப்படி வாடிக் கெடக்குது? எங்கீங்க போறீங்க?” என்று கேட்டிருக்கிறாள். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றாராம். “அப்படீங்களா? புள்ள பேரென்னங்க?”

அந்த இடத்தில் அப்பா பெஞ்சிலேயே உடைந்து அழுதுவிட்டார். வழியில் பார்த்த ஒரு பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. “நான் வருஷம் முழுக்கச் சொல்லிக்குடுத்துட்டு வாய மூடிக்கிட்டேனே” என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். “நானும் அன்னைக்குக் கவனிச்சேன் பிள்ள. ஒனக்கு முந்தியே கவனிச்சேன்.” இதைச் சொன்னபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அதுவரை நான் மட்டும்தான் கவனித்ததாக நினைத்திருந்தேன்.

கடிதத்தில் இருந்த விலாசத்தை வைத்துப் பாலக்காட்டில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்த வீட்டு மூத்த அம்மா, “அங்ஙனெ ஒராள் இவிடெ இல்ல” என்று கதவைச் சாத்தப் போனாள். அப்படி ஓர் ஆள் இங்கே இல்லையாம். அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெயர் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. ஜானு என்று கேட்ட பிறகுதான் அவள் முகம் மாறியது. அந்த வீட்டில் இருபது வருஷம் வேலை செய்த முதல் வேலைக்காரிக்கு ஜானு என்று பெயராம். அவளுக்குப் பிறகு வந்த எல்லாருமே அங்கே ஜானுதான். புதுப் பெயர் பழகச் சிரமம் என்று.

கடைசியாக வந்த ஜானு காய்ச்சலில் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு கல்யாண வேலை. ஒரு வாரம் விறகுக் கொட்டகையில் படுத்திருக்கிறாள். கல்யாணம் முடிந்துதான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவளுடைய ஊர் எது, வேதக்காரப் பிள்ளையா என்று எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. கூட்டிவந்த வெள்ளைச் சேலைக்காரி பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் ஜானு, வயது சுமார் பதினெட்டு என்று இருந்தது. பொதுக் குழியில் புதைத்தார்கள் என்றார்கள். எந்தக் குழி என்று காட்ட ஆளில்லை. அந்த மூத்த அம்மா உள்ளே போய் ஒரு நீல ரிப்பனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது என்று அப்பா சொன்னார். நல்ல மனிதர்கள்தான். அதுதான் என்னால் இன்று வரைக்கும் தாங்க முடியாதது.

இரண்டு ரிப்பனில் ஒன்றுதான் வந்தது. அதையும் நாங்கள் லயத்தைக் காலி செய்து கீழே இறங்கிய வருஷம் எங்கோ தொலைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அப்பா எழுந்து முன்னால் போனார். ஆறுதல் பெற்றதைச் சொல்லப் போகிறார் என்று உபதேசியார் ஒதுங்கி இடம் விட்டார்.

“ஒரு மலையில ஒரு பூதம் இருந்துச்சு” என்று அப்பா ஆரம்பித்தார்.

சபையில் ஒரு சலசலப்பு. உபதேசியார் ஒரு அடி முன்னால் வந்தார். அப்பா அவரைப் பார்த்து, “ஐயா, பொருத்தனைய மீறுதேன். கர்த்தரு என்ன அடிக்கட்டும். இனி அவரு எடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?” என்றார். உபதேசியார் அங்கேயே நின்றுவிட்டார். அப்பா முழுக் கதையையும் சொன்னார். மூடுபனி, சிரிப்பு, மெத்தென்ற கை. வெள்ளைச் சேலை என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த எஸ்டேட்டுகளிலிருந்தும் அந்த அம்மாவோடு போன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் சிலர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு தகப்பன்மார் பஸ் ஏறினார்கள். அதில் ஒருவர் தன் மகளை உயிரோடு கூட்டிவந்தார். உபதேசியார் எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறார், நாங்கள் எத்தனை முறை தீமையிலிருந்து இரட்சித்துக்கொள்ளும் என்று ஜெபித்திருக்கிறோம். அந்தத் தீமைக்கு ஒரு முகம் வைத்துக் காட்டியது அந்தக் கதை மட்டும்தான்.

“கடைசியில அந்தப் பிள்ள என்ன செஞ்சா தெரியுமா?” என்று அப்பா கேட்டார். பதில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் தன் பெயரைக் கத்தினாள். அப்பாவால் அதைச் சொல்ல முடியவில்லை. வாய் திறந்தபடியே நின்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். முக்காடு நழுவியது. என்னை அறைந்த அம்மா. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மலைச் சரிவில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுவது போல, அக்காவின் ஞானஸ்நானப் பெயரை முழுசாகக் கத்தினாள். ஒருமுறை இல்லை. குரல் உடைகிற வரைக்கும் கத்தினாள். உபதேசியார் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். என் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாளை ஞாயிறு. என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்து தங்கள் முழுப் பெயரைக் கத்துவார்கள். பக்கத்து அறையில் உங்களுக்கு இரைச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து இன்னொரு பெயரையும் கத்துவோம். வகுப்புக்குப் புதிதாக வந்த சின்னப் பெண் போன வாரம், “அந்தப் பிள்ள ஏன் டீச்சர் வரவே மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

எஸ்தர் செல்வக்கனி. வயது பதிமூன்று. எங்கள் அக்கா.